என் பாஸ்போர்ட் எனக்கு முன்னால் புறப்பட்டது

உலகத்திலேயே நீளமான ரயில் பயணம் மாஸ்கோவில் தொடங்குகிறது. ஒரு வாரம் கிழக்கே போய்க்கொண்டே இருந்து, விளாதிவஸ்தோக் என்ற ஊரில் கடலைக் கண்டதும் வேறு வழியில்லாமல் நிற்கிறது. அதில் ஒருமுறை போய்விட வேண்டும் என்பது என் கல்லூரிக் காலத்து ஆசை. பழியை இலக்கியத்தின் மேல்தான் போட வேண்டும். அந்த நாட்களில் புத்தகக் கண்காட்சிகளில் வழவழப்பான தாளும் கெட்டி அட்டையுமாக ரஷ்ய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகள் டிபன் விலைக்குக் கிடைக்கும். மதுரை வெயிலில் பனியன் நனைய உட்கார்ந்து, பனியில் விறைத்துச் சாகிறவர்களுக்காக நான் கண்ணீர் விட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் யார் செத்ததற்கும் அவ்வளவு அழுததில்லை.

வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கியதும் ஆசை தூசி தட்டிக்கொண்டு எழுந்தது. மனைவியை அழைத்தேன். "ஒரு வாரம் குளிக்காம ரயில்ல ஒக்காந்து வர்றதுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?" என்றாள். சைபீரியாவின் காடுகளைப் பற்றி எடுத்துச் சொன்னேன். "அழகர்கோயில்லயே காடு இருக்கு. அங்க கூட்டிட்டுப் போயி எத்தன வருசமாச்சு?" என்றாள். எனவே தனியாகப் போவதென்று முடிவானது. இதில் எங்கள் இருவருக்குமே மகிழ்ச்சி. அதை நாகரிகமாக மறைத்துக்கொண்டோம்.

விசாவுக்குப் பழைய நகரத்தில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் போனேன். மக்காவுக்கு ஆட்களை அனுப்புவதில் கை தேர்ந்தவர். ஊரே பாய் என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே.

"ரசியாவா? எந்தக் காலேஜு சார்?" என்றார்.

"காலேஜா?"

"பிள்ளைக்கு டாக்டர் சீட்டுத்தானே?"

"பிள்ளைக்கு இல்ல பாய். நான்தான் போறேன்."

என் வழுக்கையை மரியாதையோடு பார்த்தார். "இந்த வயசுல டாக்டருக்கா? மாஷா அல்லா."

டூரிஸ்ட் விசா என்று விளக்கினேன்.

"அப்ப எந்த ஊரப் பாக்கப் போறீக?"

"ரயில்ல போறேன்."

"சரி, ரயில்ல போயி எங்க எறங்குவீக?"

"எறங்க மாட்டேன். கடைசி வரைக்கும் போவேன்."

"கடைசில என்ன சார் இருக்கு?"

"கடல்."

பாய் பேனாவை மூடி வைத்தார். பிறகு உள்ளே திரும்பி, "ரெண்டு டீ சொல்லுப்பா" என்றார். "எல்லாரும் போற எடத்துக்காக வண்டியேறுவாக. வண்டிக்காகவே வண்டியேறுற ஆள இப்பத்தான் சார் பாக்குறேன்."

கணினியிலேயே எடுக்கும் விசாவும் உண்டாம். ஆனால் அதில் கொடுக்கும் நாட்கள் என் ஊர்சுற்றலுக்குப் பத்தாது. சென்னை விசா மையத்தில் பாஸ்போர்ட்டோடு நேரில் போய் நிற்கத்தான் வேண்டும் என்றார். எதற்காகப் போகிறேன் என்று ஒரு கடிதமும் கேட்டார். நான் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனேன். பதினெட்டு வயதில் படித்த முதல் நாவல், அதில் வரும் பனிப்புயல், மனித குலத்தின் பொதுத் துயரம் எல்லாம் அதில் இருந்தன. பாய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தார். வார இதழ்களில் அவ்வப்போது எழுதுகிறவன் நான்; அந்தப் பொறுமையை என் வாசகர்களிடம்கூட கண்டதில்லை. படித்து முடித்து, "நல்லாருக்கு சார். ஆனா இத வாசிச்சா ஆளு திரும்பி வர மாட்டாருன்னு நெனச்சிருவாக" என்று சொல்லிவிட்டு, 'சுற்றிப் பார்க்க' என்று ஒரே வரியில் அவரே தட்டினார். என் எழுத்து வாழ்க்கையில் என்னைத் திருத்திய ஒரே பதிப்பாசிரியர் அவர்தான்.

பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக்கொண்டு கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். "பத்திரமா வைங்க சார். சென்னையில அப்பாயிண்ட்மெண்டுக்கு எடம் கெடச்ச ஒடனே சொல்றேன். அப்ப ஒரிஜினல் கையில இருக்கணும்." நான் அதைப் பத்திரமாக மனைவியிடம் கொடுத்தேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

விமான டிக்கெட்டைப் பார்த்த அன்று மாலையே அவள் சுவரில் தொங்கிய தினக் காலண்டரோடு கலந்தாலோசனையில் இறங்கினாள்.

"மாஸ்கோ எந்தப் பக்கம்?"

"வடமேற்கு."

"காலண்டர்ல நாலு பக்கந்தான் இருக்கு. ஒண்ணச் சொல்லுங்க."

"வடக்கு."

"நீங்க கெளம்புறது செவ்வாக்கெழம. வடக்க சூலம். போதாததுக்கு ஆடி மாசம். அன்னைக்கு ஒங்க ராசிக்குச் சந்திராஷ்டமம் வேற." மூன்று குற்றங்களையும் வாசித்துவிட்டு, தீர்ப்பையும் அவளே சொன்னாள். "பரஸ்தானம் வச்சிருவோம்."

இந்த வழக்கம் தெரியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். நீங்கள் கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், உங்களுக்குப் பதிலாக உங்கள் பை கிளம்பிவிடும். போகிற திசையில் உள்ள உறவினர் வீட்டில் அதை வைத்துவிட வேண்டும். சாஸ்திரப்படி நீங்கள் புறப்பட்டாயிற்று. அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து தோசை சாப்பிடுவது நீங்கள் அல்ல, உங்கள் நிழல் மாதிரி. நிபந்தனை ஒன்றுதான்: வெளியே போன பை, பயணம் முடியும் வரை வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு தகவல் சொல்ல வேண்டும். மதுரையில் பிறந்த பாவத்துக்கு நான் பட்டிமன்றப் பேச்சாளனும்கூட. அணியில் மூன்றாவது ஆள்; முதல் இரண்டு பேருக்குத் தொண்டை கட்டினால் ஒழிய நட்சத்திரமாக முடியாதவன். நம்பிக்கையா அறிவா என்று எங்கே தலைப்பு வைத்தாலும் நான் அறிவுப் பக்கம்தான். ராகு காலத்தில் பிறந்த குழந்தையைத் திருப்பி உள்ளேயா அனுப்புவீர்கள் என்ற என் கேள்விக்கு மேலூர் பேருந்து நிலையத் திடலில் ஒருமுறை விசில் பறந்திருக்கிறது. ஆனால் எனது பகுத்தறிவு ஒலிபெருக்கியில் மட்டுமே ஓடும்; வீட்டில் அதற்கு மின் இணைப்பு இல்லை. "உன் திருப்திக்கு வை" என்று சொல்லிவிட்டு நாளிதழைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஆனி மாதக் கடைசியில், ஒரு நல்ல நேரத்தில், மஞ்சள் தடவிய துணிப்பை ஒன்றை என் ஸ்கூட்டரில் ஏற்றினாள். வடக்குத் திசையில் அகப்பட்ட உறவினர் மேலூரில் இருக்கும் என் சகலை. மனைவியின் அக்காவைக் கட்டியவர். கிரானைட் கல் வியாபாரத்தில் நாலு நாடு பார்த்தவர். எந்த நாட்டைப் பற்றிக் கேட்டாலும் அங்கே சாப்பாடு சரியில்லை என்பது மட்டும்தான் சொல்வார்.

"வாங்க சகல. ரசியாவுக்குப் போறேன்னாக, மேலூர்ல வந்து நிக்கிறீக?"

"இந்த வழியாத்தான் போறேன்."

"ராகு காலம், எமகண்டம்னு மேடையில அம்புட்டு நக்கலடிப்பீக. இப்ப மஞ்சப் பையோட வாறீக?"

"இது என் பை இல்ல சகல. உங்க கொழுந்தியா பை."

"ஆளு யாரோடது?" என்று கேட்டுச் சிரித்தார்.

காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். பையில் ஒரு வேட்டி சட்டை, கொஞ்சம் அரிசி, மஞ்சள் கிழங்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தன. ஆனால் அவை மட்டும் இல்லை.

ஆடி அமாவாசை அன்று காலை பாய் போன் செய்தார். "சார், சென்னையில யாரோ வரலன்னுட்டாக போல. நாளைக்குக் காலையில ஒரு எடம் காலியாகியிருக்கு, ஒங்க பேருக்கு எடுத்துட்டேன். இத விட்டா ஒங்க பிளைட்டுக்கு முன்னால வேற எடம் இல்ல. ராத்திரி பஸ்ஸுக்கு மாட்டுத்தாவணில சீட்டும் போட்டாச்சு. பாஸ்போர்ட்டு ஒரிஜினல் மறந்துறாதீக."

இந்த இடத்தை விட்டால் ரயில் அடுத்த வருஷம்தான். என் முழங்கால் இருக்கிற இருப்பில் அடுத்த வருஷத்துக்கு அது உத்தரவாதம் கொடுக்காது. பீரோவைத் திறந்தேன். பாஸ்போர்ட் இல்லை. பட்டுப் புடவைகளுக்கு அடியில், நகைப் பெட்டிக்குப் பின்னால், எங்கும் இல்லை.

"பாஸ்போர்ட்ட எங்க வச்ச?"

அடுப்படியிலிருந்து அமைதியான குரல் வந்தது. "பரஸ்தானப் பையில."

"எது?"

"பின்ன? வேட்டி சட்ட போனா ஆளு போன மாதிரியா? வேட்டிதான் வாராவாரம் சலவைக்குப் போகுதே. வெளிநாட்டுக்குப் போற ஆளுக்கு அடையாளம் என்ன? பாஸ்போர்ட்டுத்தானே? அது போனாத்தான் நீங்க போன கணக்கு."

இந்தத் தர்க்கத்தில் எங்கே ஓட்டை என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். எதிரணியில் இவளைப் போட்டால் மூன்றாவது ஆள் தேவைப்பட மாட்டான்.

ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு மேலூர் போனேன். சகலை வீட்டில் பூட்டு தொங்கியது. போன் எடுக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள், "ஆடி அமாவாசையில்ல? தர்ப்பணம் குடுக்க எல்லாரும் ராமேஸ்வரம் போயிருக்காக" என்றார். வேலியைத் தாண்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கூடத்தில் பை தென்படவில்லை. வேலியில் சட்டை மாட்டிக் கிழிந்தது. "தம்பி, அந்தாளு மேடையில பேசுறவருல்ல?" என்று அந்த அம்மாள் உள்ளே யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. மேலூரில் எனக்கு அம்புட்டுப் புகழ் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மதியத்துக்கு மேல் சகலை போனில் கிடைத்தார். கடலுக்குள் நின்றிருந்தாராம்.

"சகல, பையி வீட்டுக்குள்ளயா இருக்கு? சாவி யார்ட்ட?"

"பையி எங்கூடத்தான்யா இருக்கு."

"ராமேஸ்வரத்துலயா?"

"பரஸ்தானப் பைய ஆளில்லாத வீட்டுல பூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு ஒங்க மதினி தூக்கிட்டு வந்துட்டா. கார்ல டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டு அதுக்குத்தான். நான் பின்னால நசுங்கிட்டு வந்தேன்."

ஆக, நான் சட்டை கிழிய மேலூர் வேலியில் தொங்கிய நேரத்தில், என் பாஸ்போர்ட் ஏசி காரில் முன்சீட்டில் அமர்ந்து பாம்பன் பாலம் கடந்து, ராமேஸ்வரத்தில் கடல் பார்த்திருக்கிறது. என் ஆசை முழுவதையும் அது ஒரே நாளில் முடித்துவிட்டது. எனக்கு விசாவே தேவையில்லை போலிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் சகலை சிரிப்பை நிறுத்தினார். அதில் ஒன்று சொல்ல வேண்டும்: நக்கலடிக்கிற ஆள் என்றாலும் அவசரம் புரியும் மனுஷன். "மாட்டுத்தாவணில நில்லுங்க, வாரேன்" என்று மட்டும் சொன்னார். மாலை மங்கும் நேரத்தில் பூ மார்க்கெட் பக்கம் கார் வந்து நின்றது. முன்சீட்டில் பை. பின்னால் ஈரத் தலையோடு சகலையும் மதினியும்.

மதினி பைக்குள் கை விட்டு பாஸ்போர்ட்டை எடுத்தார். அட்டையில் மஞ்சள் அப்பியிருந்தது. கொடுக்கும் முன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "பையி எங்ககிட்டயே இருக்கட்டும். இத மட்டும் கொண்டுபோங்க. ஆனா ஒங்க வீட்டு வாசப்படிய மட்டும் இது தாண்டிரக் கூடாது, பாத்துக்கங்க. தாண்டுச்சோ, போன காரியம் போன மாதிரிதான்."

"அவரு பகுத்தறிவு பேசுறவருடி. அவருட்ட போயி சொல்ற" என்றார் சகலை.

நான் பெருந்தன்மையோடு புன்னகைத்தேன். பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். கொண்டுபோக வேண்டிய பேப்பர்கள், போட்டோ, மாற்றுச் சட்டை எல்லாம் அங்கேதான் இருந்தன.

எங்கள் வீடு மாட்டுத்தாவணியிலிருந்து கூப்பிடு தூரம். தெரு முனை வரை வேகமாக வந்த ஸ்கூட்டர் எங்கள் வாசலுக்கு முந்தின வீட்டருகே தானாக நின்றது. பிரேக்கில் இருந்தது என் கால்தான் என்பதைச் சற்றுத் தாமதமாகக் கவனித்தேன்.

மனைவிக்குப் போன் செய்தேன். "அந்தப் பேப்பர் பைலையும் ஒரு சட்டையையும் கொஞ்சம் வெளிய கொண்டா."

அவள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏன் அங்க நிக்கிறீங்க? உள்ள வாங்க. கை கால் கழுவிச் சாப்ட்டுப் போங்க. பஸ்ஸுக்கு நேரமிருக்கு."

"பாஸ்போர்ட்டு சட்டப் பையில இருக்கு."

"அதனால என்ன? அவசரத்துக்குத் தோசமில்ல. வாங்க."

நன்றாகக் கவனியுங்கள். வழக்கத்தைக் கொண்டுவந்தவளே விலக்கு அளித்துவிட்டாள். நான் நாலு எட்டு வைத்து உள்ளே போயிருக்க வேண்டும். இத்தனை வருஷ மேடைப் பேச்சுக்கு அந்த நாலு எட்டுதான் பரீட்சை. இதெல்லாம் மூடத்தனம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் எதிரே சைபீரியா இருந்தது; நாளைக்குக் காலையில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் யாரோ ஒருவர் என் கடிதத்தைப் படித்து முகம் சுளிக்கலாம். அப்போது, வாசலைத் தாண்டியதால்தானோ என்று ஒரே ஒரு நொடி எனக்குத் தோன்றிவிட்டால்? அந்த ஒரு நொடியைத்தான் என்னால் தாங்க முடியாது. தாண்டாமல் இருப்பதற்கு இப்படி ஒரு அறிவார்ந்த காரணம் கண்டுபிடித்த பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது.

"பரவாயில்ல, இங்கயே நிக்கிறேன்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் பைலும் சட்டையும் டிபன் பாக்ஸும் தண்ணீர்ச் சொம்புமாக வந்தாள். தெரு விளக்கின் கீழே, ஸ்கூட்டர் சீட்டில் டிபன் பாக்ஸை வைத்து நின்றுகொண்டே இட்லி சாப்பிட்டேன். கிழிந்த சட்டையை அங்கேயே கழற்றி மாற்றினேன். நடைப்பயிற்சி முடித்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் அருகில் வந்து நின்றார். என் பேச்சுகளுக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்.

"என்ன சார், வெளிய நின்னு சாப்புடுறீக?" குரலைத் தாழ்த்தி, "வீட்ல எதுவும் சண்டையா?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

மனைவியின் கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பு அப்படியே நின்றது. மனிதர் அனுதாபத்தோடு தலையசைத்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போனார். அவர் கதவைச் சாத்தும் வரை காத்திருந்து சொன்னாள்: "என்னையக் கொடுமக்காரின்னு சொன்னாலும் சொல்லுவீங்க. பரஸ்தானம்னு ஒத்த வார்த்த வாயில வராது. அப்படித்தானே?" நான் கடைசி இட்லியை விழுங்கிவிட்டு, சொம்புக்குக் கை நீட்டினேன்.

சென்னை மையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். அட்டையை விளக்குப் பக்கம் சாய்த்தார்.

"சார், இது என்ன கறை?"

"மஞ்சள்ங்க."

"சமையல்ல பட்டதா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "பரஸ்தானம் வச்சீங்களா சார்? எங்கம்மாவும் வைப்பாங்க" என்று சொல்லி, டிஷ்யூ பேப்பரால் பதமாகத் துடைத்தார். கடிதத்தைப் படித்தார். ஒற்றை வரிதானே, சட்டென்று முடிந்துவிட்டது. "எந்த அட்ரஸுக்கு அனுப்பணும் சார்?" என்று கேட்டதற்கு, நான் பிறந்து வளர்ந்த மதுரையை விட்டுவிட்டு, மேலூர் சகலை வீட்டு விலாசத்தைச் சொன்னேன். என் வீட்டுக்கு வந்தால் கூரியர்காரர் வாசல் தாண்டி நீட்டிவிடுவாரே.

விசா வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் சகலை போனில் சொன்னார். உடனே வரச் சொன்னார். குரலில் என்றும் இல்லாத ஒரு பெருமை இருந்தது.

அவர் வீட்டுக் கூடத்தில் நுழைந்தபோது காரணம் புரிந்தது. சோபாவில் என் பை தனியாக இல்லை. கனடாவுக்குப் படிக்கப் போகிறவன், துபாய் வேலைக்குக் காத்திருக்கிறவன், சிங்கப்பூரில் மகள் பிரசவத்துக்குப் போக வேண்டிய தாய், எல்லாருடைய பைகளும் தோளோடு தோள் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. சோபா நிறைந்து நாற்காலிகளுக்கும் பரவியிருந்தன. உட்கார இடமில்லாமல் சகலை நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சகல இது?"

"ஒங்க விசா வந்துச்சுன்னு ஒரே ஒரு ஆளுட்டதான்யா சொன்னேன். ஊரே கெளம்பிருச்சு. ராசியான வீடாம். நான் இல்லன்னுதான் சொல்றேன். ஒருத்தன் சொல்றான், பட்டிமன்றத்துல சாமி இல்லன்னு பேசுறவரே வச்சிருக்காருன்னா சும்மாவா வப்பாருன்னு."

சாமி இல்லை என்று நான் எந்த மேடையிலும் பேசியதில்லை. அவ்வளவு தைரியம் என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் என் பேச்சை ஒருவன் முழுமையாக நம்பியதற்கு இதுதான் முதல் சாட்சி. நான் முப்பது வருஷம் மைக்கில் கத்தி ஒருவரையும் மாற்றவில்லை. என் பை ஒரு வார்த்தை பேசாமல் மேலூரையே மாற்றிவிட்டது.

இதை இப்போதே திருத்திவிட வேண்டும் என்று தோன்றியது. பேப்பர்கள் சரியாக இருந்ததால், கடிதம் ஒரு வரியில் இருந்ததால்தான் விசா வந்தது என்று உரக்கச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது ஒரு அம்மாள் உள்ளே வந்தார். திருவாதவூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர் என்று மதினி சொன்னார். மகள் நர்ஸுக்குப் படித்துவிட்டு ஜெர்மனிக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். ஒருமுறை மறுத்துவிட்டார்களாம். மார்போடு அணைத்த பையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்கதான சார் மொதல்ல வச்சது?"

"ஆமாம்மா."

"எம்புள்ளைக்குக் கெடச்சிரும்ல சார்?"

பேப்பர் எல்லாம் சரியா இருக்கா என்று கேட்டேன். "எல்லாம் சரிங்க சார். போன தடவையும் சரியாத்தான் இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் அறிவின் பக்கத்தில் என்னிடம் வாதம் இல்லை.

"கெடைக்கும்மா" என்று சொல்லி, சோபாவில் என் பையைத் தூக்கி ஓரமாக வைத்து, நடுவில் அவர் பைக்கு இடம் பண்ணிக் கொடுத்தேன்.